கிளியம்மாவின் லகரம்

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதுவும் எனக்குப் பிடிக்காமல்தான் போகும். அதனால் முதலில் உறையில் முகவரி எழுதி, தபால்தலையையும் ஒட்டிவிட்டு, அப்புறம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போனில் நான் "சரிம்மா, சரிம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று நீ சொன்னது உண்மைதான்.

விஷயம் இது. உன் அம்மாவுக்குப் புனிதர் பட்டம் கேட்டு நடக்கும் விசாரணையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் 14 காலை பத்து மணிக்கு ஆயர் இல்லத்தில், நற்செய்தி நூலின் மேல் கைவைத்துச் சாட்சி சொல்ல வேண்டும். வரும்போது அம்மா தன் கையால் எழுதிய நோட்டுகளையும் கொண்டுவர வேண்டுமாம். இதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் நான் எடுத்த படி மட்டுமே.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். பள்ளிச் சீருடை தைத்தவள். மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள், சட்டென்று நின்றுவிடும். கண் திறந்தபடி அரை மணி நேரம் வேறெங்கோ இருப்பாள். பழைய பங்குச் சாமியார், "நடக்கறத அப்படியே எழுதுங்கம்மா" என்றார். எழுதினாள். அவள் கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. நாற்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவன் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை? நான் படி எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு அந்தப் படிதான் சிறு புத்தகமாக வந்தது. அதில் வரும் கிளியை வைத்துத்தான் ஊரில் அவளைக் ‘கிளியம்மா’ என்கிறார்கள்.

உன்னிடம் இரண்டு கேள்விகள். என்னிடம் ஆறு நோட்டுகள் இருக்கின்றன. ஏழாவது, அடக்கத்தன்று காலையில் மெஷின் இழுப்பறையில் இருந்தது. மறுநாள் இல்லை. அது உன்னிடமா?

இன்னொன்று: நம் வீட்டு ஜன்னலில் நீ எப்போதாவது கிளியைப் பார்த்திருக்கிறாயா? நன்றாக யோசித்துச் சொல். ஏன் கேட்கிறேன் என்று இப்போது எழுத முடியவில்லை.

அப்பா


பிப்ரவரி 12

அப்பா,

கிளி கிடையாது. பள்ளி முடிக்கும்வரை அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். எதிரே பேட்டரிக் கடையின் பின்சுவர். சுவரில் ஒரு குழாய். குழாய் மேல் எப்போதாவது ஒரு காக்கா. அது அம்மாவைப் பார்த்ததைவிட அம்மா காய வைத்த வற்றலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஏழாவது நோட்டு என்னிடம்தான். நான்தான் எடுத்தேன். ஒன்பது வருடமாகத் திறக்கவில்லை. தரவும் மாட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாத மாதிரி கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலத்தின் நடுவில், ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தியது நான். உள்ளே நாற்பத்திரண்டு பேர். கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது, விரலைப் பிரிக்க முடியவில்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிட்டது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் குனிந்து, "அக்கா, பாலம் எங்கயும் ஓடிடாது, மெதுவா வாங்க" என்றார். அந்த மனிதர் கேலி செய்யவில்லை, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். வேறொருவர் வந்து பஸ்ஸை எடுத்துப் போனார். அன்றிலிருந்து டிப்போ மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழித்தட அட்டை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? புத்தகத்தை அனுப்பினீர்கள். முப்பத்தோராம் பக்கத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு: "காலையில் கிளி என் கையைப் பிடித்தது. மெஷினை நிறுத்திவிட்டேன்." பக்கத்தில் உங்கள் முத்து முத்தான எழுத்தில், "அம்மாவின் அமைதியைப் பார்."

பார்த்தேன் அப்பா. அம்மா கையைக் கிளி பிடித்தது. என் கையை என்ன பிடித்தது? அப்படிப்பட்ட அம்மாவுக்கு நான் எப்படிப் பிறந்தேன் என்று யோசித்து யோசித்து அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்.

மார்ச் 18 எனக்கு மறுபரிசோதனை. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதே பாலத்தை ஓட்டிக் கடக்க வேண்டும். முடியாவிட்டால் இனி மேஜைதான்.

கிளியைப் பற்றி இப்போது ஏன் கேட்கிறீர்கள்?

உங்கள் மகள்


பிப்ரவரி 20

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்ன பிறகு நீ எனக்கு எழுதாமலே போகலாம்.

உன் அம்மாவுக்கு மூன்று ‘ல’வும் ஒன்றுதான். பெரிய ள, சிறப்பு ழ இரண்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் சின்ன ல. "பில்லை பல்லிக்குப் போய்விட்டால்" என்று அவள் எழுதி வைத்த சீட்டைப் பார்த்து நாம் சிரித்தது ஞாபகமிருக்கிறதா? "எங்க போனா எம்பொண்ணு? சுவத்துலயா?" என்று நான் கேட்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் நோட்டைப் படி எடுக்கும்போது லகரத்தைத் திருத்துவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசிக்கவே மாட்டேன்.

ஆயர் இல்லத்துக் கடிதம் வந்ததும் மூலத்தையும் என் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். செய்ததாக எழுதியும் கொடுத்திருக்கிறேன். "எழுத்துப் பிழைகள் தவிர வேறெதுவும் மாற்றப்படவில்லை" என்று போன வருடம் கையெழுத்துப் போட்டது நான்.

என் படியில் கிளி ஒன்பது இடத்தில் வருகிறது. ஒன்பதிலும் அவள் எழுதியிருப்பது ‘கிலி’.

முதல் இடம் இப்படி: "ஜன்னல் பக்கம் கிலி வந்து உட்கார்ந்தது. போ என்றேன். போகவில்லை. சரி இரு என்றேன். அதன் பின்னால் அவர் நின்றார்." ஆண்டவரை அவள் ‘அவர்’ என்றுதான் எழுதுவாள். ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தது என்றால் கிளி என்று யாரும் நினைப்பார்கள். அதுவரை என்னை மன்னிக்கலாம்.

முப்பத்தோராம் பக்கத்தை மன்னிக்க முடியாது. அவள் எழுதியது: "காலையில் கிலி பிடித்தது. மெஷினை நிறுத்திவிட்டேன்." அவ்வளவுதான். கிளி என்று மாற்றியதும் வாக்கியம் நிற்கவில்லை. ‘என் கையை’ என்று இரண்டு சொல்லை நானே போட்டேன். தமிழ் படித்தவன் நான். கிலி பிடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியாமல் செய்தேனா, தெரிந்துகொள்ளப் பிடிக்காமல் செய்தேனா என்று கேட்டுக்கேட்டுப் பார்க்கிறேன்.

முந்தாநாள் நம் பங்கின் பெண்கள் சபைத் தலைவி வந்தார். கல்லறைக்கு மேலே வைக்க ஓவியம் எழுதுகிறார்களாம். "ஐயா, கிளி மூக்கு செவப்பா, ஆரஞ்சா? ஓவியர் கேக்கறாரு" என்றார். காப்பி போடட்டுமா என்று கேட்டேன். "நீங்கதான பக்கத்துலயே இருந்தீங்க? செவப்புன்னே போடச் சொல்றேன். பாக்க எடுப்பா இருக்கும்" என்று அவரே முடித்துக்கொண்டு போனார். கல்லறையில் இப்போது பிளாஸ்டிக் கிளிகள் இருபதுக்கு மேல் இருக்கும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கண்ணீரோடு வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

உனக்கு மட்டும் சொல்கிறேன். நேற்று ஒரு தாளில் லகரத்தை ளகரமாக மாற்றிப் பழகினேன். அதே நீல மை. வருகிறது. ஒன்பது இடம்தானே. பழகிய கை, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அது வருகிறது என்று தெரிந்ததும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பேனாவை இன்னும் மூடி வைக்கவில்லை.

அப்பா


பிப்ரவரி 26

அப்பா,

நோட்டைத் தொடாதீர்கள். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று டிப்போவிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவை எடுத்து வேறெங்காவது வையுங்கள்.

அப்பா, அம்மாவுக்கும் கிலி பிடிக்குமா?

உங்கள் கடிதத்தை வழித்தட அட்டைகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். ஒரு டிரைவர், "என்ன மேடம், மாத்தி அட்டையக் குடுத்துட்டீங்க, காப்பி குடிக்கலையா?" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ரோட்டைக் கடக்க வேண்டும். வண்டி ஒன்றும் வரவில்லை. அம்மா அசையாமல் நிற்கிறாள். நான் கையைப் பிடித்து இழுக்கிறேன். அப்போது அவள் சொன்னாள், "நீ முன்னால நட கண்ணு. நான் உன்னப் பிடிச்சுக்கறேன்." விளையாட்டு என்று நினைத்து நான் பெரிய மனுஷி மாதிரி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. மறுபக்கம் போனதும் குனிந்து என் உச்சியில் முத்தம் கொடுத்தாள். தினமும் இந்த விளையாட்டுதான். தினமும்! அதை ஒரு விளையாட்டாகவே இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

அது கிலி என்றால் என் அம்மா எனக்குத் திரும்பக் கிடைக்கிறாள். கிளி என்றால் அவள் உங்கள் சபைத் தலைவிக்குத்தான் அம்மா. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

14ஆம் தேதி என்ன சொல்லப் போகிறீர்கள்? ‘சரிம்மா’ என்று எழுதாதீர்கள்.

ஏழாவது நோட்டை இன்று எடுத்து மேஜை மேல் வைத்தேன். திறக்கப் பயமாக இருக்கிறது. அதிலும் வேறு ஏதாவது பறவை இருந்தால்?

உங்கள் மகள்


மார்ச் 5

அன்புள்ள மகளுக்கு,

பேனாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். இது பென்சில்.

உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. கொடுத்துவிட்டு அங்கே போய் வாய் அடைத்துப் போனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஆமாம், பிடிக்கும். எனக்குத் தெரியும்.

நீ நான்காவது படிக்கும்போது. அச்சகத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். கதவு திறந்திருந்தது. அவள் மெஷின் சக்கரத்தில் நெற்றியை வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "இரு… இரு… சரி, இரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபம் என்று எடுத்துக்கொண்டேன். ஜெபமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம், எனக்கு அதெல்லாம் தெரியாது.

நான் உள்ளே போகவில்லை மகளே. சத்தமில்லாமல் பின்வாங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்தேன். அன்று முழுவதும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் புரூஃப் பார்த்தேன். சாயங்காலம் அவள் கண்ணாடிக் கூட்டை நீட்டி, "என்னங்க, இத விட்டுட்டுப் போயிட்டீங்களே. பாதியில திரும்பி வந்திருக்கலாமே" என்றாள். "ஞாபகமே இல்ல" என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். பதில் சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே. கிளி என்றால் படித்து மெச்சிவிட்டு மூடி வைக்கலாம்.

உனக்கு நான் புத்தகத்தை அனுப்பியதும் அதே காரியம்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

காலையில் பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்கவில்லை. பொய்யாகக் கையெழுத்துப் போட்டவன் எப்படி வாங்குவது? ஆயர் இல்லத்தில் ஒரு நீள அறை. மேஜைக்குப் பின்னால் விசாரணைச் சாமியார், ஒரு மருத்துவர், தட்டச்சு செய்ய ஒரு எழுத்தர். நற்செய்தி நூலின் மேல் கையை வைத்தேன். எடுத்த பிறகு அட்டையில் வேர்வைத் தடம் இருந்தது.

"உட்காருங்க ஐயா. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் சாமி. உட்கார்ந்தா சொல்லமாட்டேன்."

நோட்டைத் திறந்து ஒன்பது இடத்தையும் காட்டினேன். ‘என் கையை’ நான் போட்டது என்றேன். எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டு, "எந்த ல சார்? கொஞ்சம் சரியாச் சொல்லுங்க" என்றார். "சின்ன ல" என்றேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அப்ப கிளியே கிடையாதா?" என்றார் சாமியார்.

"கிடையாது. எங்க தெருவுல காக்காதான்."

"எதப் பாத்து அவங்களுக்கு அவ்வளவு பயம்?"

"தெரியாது சாமி. நான் கேட்டதில்ல."

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் உட்கார இடம் கேட்டேன். மருத்துவர் எழுந்து வந்து நாற்காலியைக் கொடுத்தார். சாமியார் நோட்டைத் தன் பக்கம் திருப்பி மெதுவாகப் படித்தார். "கிலி வந்து உட்கார்ந்தது. போ என்றேன். போகவில்லை. சரி இரு என்றேன். அதன் பின்னால் அவர் நின்றார்." இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கிளியோட இருந்தப்ப இது எனக்கு லேசா இருந்துச்சு ஐயா" என்றார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. விசாரணை தொடருமா என்று கேட்டேன். மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். பொய்க் கையெழுத்துப் பற்றிக் கேட்டேன். "அத பாவசங்கீர்த்தனத் தொட்டியில சொல்லி மன்னிப்பு கேளுங்க. இங்க உண்மையச் சொன்னீங்க, அது போதும்" என்றார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. சபைத் தலைவி வாசலிலேயே நின்றார். "இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவரு இன்னும் கொஞ்ச நாள் மூடிக்கிட்டு இருந்தா என்னவாம்? பயந்தாங்கொள்ளிக்கு யாராவது மெழுகுவத்தி ஏத்துவாங்களா?" அவர் கத்தவில்லை, அழுதார். அவர் பேத்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது வைத்த கிளியும் அங்கே இருக்கிறது. கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் யாராவது செருமினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

உன் அம்மாவின் பெயரைக் கெடுத்துவிட்டேனோ? நீயாவது சொல்.

18ஆம் தேதி காலையில் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன். அமைதியைப் பார் என்றெல்லாம் எழுத மாட்டேன்.

அப்பா


மார்ச் 19

அப்பா,

உங்கள் கடிதம் 17ஆம் தேதி மாலை வந்தது. படித்ததும் நோட்டைத் திறந்தேன். நீங்கள் அங்கே நின்றுகொண்டே சொன்னீர்கள் என்றால் நான் உட்கார்ந்துகொண்டு படிக்கக்கூடாதா?

பாதிதான் எழுதியிருக்கிறாள். நான்காம் பக்கத்தை எழுத்து மாறாமல் கீழே எடுத்து எழுதுகிறேன். உங்கள் கை துருதுருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சாமியார் கொடுத்த படியை இன்றுதான் படித்தேன். வீட்டுக்காரர் என் கிலிக்கு ரெக்கை வைத்து எலுதியிருக்கிறார். சிரிப்பு வந்தது. சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் அவரும் பயப்படுவார். அன்றைக்கு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாரே பாவம். பறவையாகவே இருக்கட்டும். எது உட்கார்ந்தால் என்ன. பின்னால் நிற்கிறவர் நிற்கிறார். ஆனால் மகலுக்கு ஒரு நால் சொல்லிவிட வேண்டும். அவலுக்கும் வரும். ரோட்டைத் தாண்டும்போது அவல் கையும் குலிர்ந்துதான் இருக்கும். பயந்துகொண்டே தாண்டினாலும் தாண்டினதுதான் என்று சொல்ல வேண்டும்."

‘அவல்’ நான்தான் அப்பா. நனைத்துத் தின்கிற அவல். சிரித்து, அழுது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்கும்படி ஆகிவிட்டது.

சொல்லாமலே போய்விட்டாள். இந்த நோட்டு ஒன்பது வருடம் என் அலமாரியில்தான் இருந்தது.

நேற்றுப் பாலம். சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலிலேயே பிடித்துவிட்டது. விரல் மரத்தது, வாய் வறண்டது, கண் ஓரம் இருட்டியது. எல்லாம் அதே மாதிரி. ஆய்வாளர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "இரு" என்றேன். அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். "உங்கள இல்ல சார்" என்றேன். இரண்டாவது கியரிலேயே போனேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பாலம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நடுங்கினேன். ஆய்வாளர், "ரொம்ப மெதுவா ஓட்டறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேர்ச்சி போட்டார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து காலை வண்டி எனக்கு.

அம்மாவின் பெயரை நீங்கள் கெடுக்கவில்லை. இறகைப் பிடுங்கினீர்கள், அவ்வளவுதான்.

கமா

(தூங்கும்போது கமா மாதிரிச் சுருண்டு கிடக்கிறேன் என்று நீங்கள் வைத்த பெயர். உங்களுக்கு மறந்திருக்கலாம்.)


மார்ச் 25

அன்பு மகலுக்கு,

மேலே இருப்பது பிழை இல்லை. நாற்பது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தும் விட்டு வைக்கிறேன். கை துருதுருக்கத்தான் செய்கிறது.

ஆயர் இல்லத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வரும்போது வரட்டும். ஆறு நோட்டுகளையும் மறுபடி படி எடுக்க ஆரம்பித்திருக்கிறேன், அவள் எழுதியபடியே. கல்லறைக்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை. நேற்று சபைத் தலைவி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அந்தம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமா? ராவெல்லாம் எனக்கு அப்படித்தான்" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கமாவை மறக்கவில்லை. கூப்பிட வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் தனியாக வெளியூர் போனவன் இல்லை என்று உனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் ஊர்ப் பலகையைப் பார்த்தாலே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஒன்றாம் தேதி காலை உன் வண்டியில், பாலத்துக்கு இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறுகிறேன். டிரைவருக்குப் பின் சீட்டை எனக்கு வைக்கச் சொல். பேசித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இதை எழுதும்போதே கிலி பிடித்திருக்கிறது. உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது.

அப்பா